வடக்குத் தெருவின் நீளம்

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் தூங்குவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வைத்தால் வேறென்ன நடக்கும். இருப்பதை வைத்து எதை எங்கே எப்போது செய்தால் நல்லது என்று சொல்லித்தரும் பாடம். அதற்கே சரியான நேரம் ஒதுக்கத் தெரியவில்லை எங்கள் துறைக்கு. வெட்கக்கேடு.

சாயங்காலம் நல்ல செய்தி. ரேஷன் கடை வேலை எங்களுக்கே வந்துவிட்டது. வாடிப்பட்டிக்கு மேற்கே சில கிராமங்களில் புதிதாகப் பகுதி நேரக் கடைகள் திறக்கப்போகிறார்கள். ஊருக்கு ஒரு கடை. அதை எந்த இடத்தில் வைத்தால் சனங்களுக்கு நடை குறையும் என்று கணக்குப் போட்டுத் தர வேண்டும். நானும் அழகுபாண்டி சாரும். அவர் வரைபட ஆள், நான் கணக்கு ஆள். ஏழு வருஷமாக ஒரே அறையில் எதிரெதிர் மேஜை.

பட்டியலில் கரட்டாங்குளமும் இருக்கிறது. எங்கள் ஊர். எழுதிவிட்டுத் திரும்பப் பார்க்கிறேன் - ஊர் எங்களுடையது இல்லை. ஊர் அவர்களுடையது, எங்களுடையது காலனி.

சாரோடு முதல் நாளே சண்டை. எல்லாருடைய நடையையும் கூட்டி, அந்த மொத்தத்தைக் குறைப்போம் என்கிறார். அப்படிப் போட்டால் வீடு எங்கே நெருக்கமோ கடை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஓரத்தில் இருக்கிறவன் ஓரத்திலேயே கிடப்பான். ஆகத் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு நடை எம்புட்டு என்று பார்ப்போம், அதைக் குறைப்போம், மற்றவர்கள் கொஞ்சம் கூட நடந்தால் செத்துப்போக மாட்டார்கள் என்றேன். குரல் கூடிவிட்டது போல. அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

"சரி மேடம். உங்க கணக்கு, உங்க நியாயம்" என்று சார் சிரித்தார். சந்தோஷமாக இருந்தது. இந்தப் பாடத்தைப் படித்ததே இதற்குத்தான் என்று தோன்றியது.

19 பிப்ரவரி

வீட்டுக்காரம்மா மாடிப்படி வரை வந்து மறுபடி கேட்டார். "வாடிப்பட்டிப் பக்கம்னா எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" செல்லூரில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. விசைத்தறிச் சத்தத்தில் காது கேட்காத மாதிரி நின்றுவிடலாம்.

3 மார்ச், திங்கள்

இன்று கரட்டாங்குளத்துப் பாதைகளை வரைபடத்தில் ஏற்றினோம். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் போட்டு, சார் ஒவ்வொரு பாதையாகக் கோடு இழுப்பார். நான் சரி சொல்ல வேண்டும். பிறந்த ஊர் என்பதால் எனக்கு அந்த உத்தியோகம்.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் எவ்வளவு பக்கம். மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் இடம். உள்ளே கொஞ்ச தூரத்தில் ஊர் கூடும் இடமான மந்தை. மந்தையிலிருந்து ஒரே நேர்கோடாக வடக்குத் தெரு, அது முடிகிற இடத்தில் காலனி. மெயின் ரோட்டிலிருந்து ஊரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு காலனிக்குப் போகும் கம்மாக்கரைப் பாதையும் தெரிந்தது, கோணல் மாணலாக.

வடக்குத் தெருவில் கோடு இழுத்துவிட்டு சார் நிறுத்தினார். "மேடம், இந்த ரோடு எல்லாருக்கும் உண்டுல்ல?" கேட்கும்போது திரையைப் பார்க்கவில்லை. பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்டு சார். கவருமெண்டு போட்ட சிமெண்ட் ரோடு" என்றேன்.

4 மார்ச்

ஏன் அப்படிச் சொன்னேன்?

காலனியில் யாரும் அந்தத் தெருவில் நடக்க மாட்டார்கள். போகாதே என்று பலகை கிடையாது. எனக்குத் தெரிந்து யாரும் யாரையும் தடுத்ததும் கிடையாது. தடுக்கிற அளவுக்கு யாரும் போனதே இல்லை, அவ்வளவுதான். சின்ன வயதில் அம்மா சொல்லும் - "கர வழியா வாத்தா." ஏன் என்று நான் கேட்டதில்லை. ஐந்தாவதோடு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். அண்ணன் சிவபாண்டி இன்றைக்கும் பைக்கைக் கரையில்தான் குலுக்கிக் குலுக்கி ஓட்டிக்கொண்டு போகிறான்.

இதை அழகுபாண்டி சாரிடம் எப்படிச் சொல்ல? அவரும் உசிலம்பட்டிப் பக்கத்தில் நிலபுலன் உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை. நல்ல மனிதர், என் டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிடுகிறவர். நான் "இல்லை" என்று சொல்லியிருந்தால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகியிருக்கும். அந்த முகத்தோடு தினமும் எதிரில் உட்கார என்னால் முடியாது.

அதுவும் போக, யாரும் எங்கேயும் எழுதி வைக்காத ஒன்றை நான் ஏன் முதல் ஆளாக எழுத வேண்டும்? ரோடு ரோடுதான்.

28 மார்ச், வெள்ளி

விடை வந்துவிட்டது. கரட்டாங்குளத்துக்கு மந்தையை ஒட்டிய பழைய பால் சொசைட்டிக் கட்டடம். ஊரின் தெற்குக் கடைசி வீட்டுக்கும் காலனியின் வடக்குக் கடைசி வீட்டுக்கும் ஏறக்குறைய சம தூரம். இதுவரைக்கும் இரண்டு தரப்பும் மெயின் ரோட்டைத் தாண்டிப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இனிமேல் அதில் பாதி நடைகூட இல்லை.

வேலையைக் கொடுத்த அதிகாரியம்மா அறிக்கையைப் புரட்டிவிட்டு, "கடைசி வீட்டை முதல்ல பாத்திருக்கீங்க. இது நல்லாருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தது. "ஒனக்குக் கடை பக்கத்துல வருதும்மா. ஓம் மக போட்ட கணக்கு." "அப்படியா ஆத்தா" என்றது. மந்தையை ஒட்டி என்று சொன்னேன். அதற்கு, சாப்பிட்டியா என்று கேட்டது.

2 ஜூன், திங்கள்

கோயில் திருவிழா, கோடை விடுமுறை எல்லாம் முடிந்து இன்று கடை திறந்தார்கள். சார் போட்டோ அனுப்பினார். ரிப்பன், ரோஜா மாலை, வரிசையில் சனம். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

8 ஜூன், ஞாயிறு

அண்ணன் போன் பண்ணினான். "பாப்பா, நல்லா வச்சீங்க கடைய. அம்மா அரிசியத் தூக்கிட்டு மந்தையிலருந்து மெயின் ரோட்டுக்கு வந்து, அங்கருந்து கர வழியா சுத்தி வருது. முந்தி இருந்த கடைக்காச்சும் ரோட்டுல ஷேர் ஆட்டோ கெடைக்கும். இப்ப அதுவும் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன். "அந்தத் தெரு யாரு வீட்டுச் சொத்தும்மா? அவுங்க அப்பன் போட்ட ரோடா? நேரா போ, நேரா வா. யாரு என்ன கேட்டுருவா?"

"யாரும் ஒன்னும் கேக்க மாட்டாகத்தா" என்றது அம்மா. "போறதில்ல. அம்புட்டுத்தான்."

"அப்ப இனிமே போ."

செல்லூரில் மாடியில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு வீரம் பேச எனக்கென்ன.

10 ஜூலை, வியாழன்

அம்மா போய்விட்டது! வடக்குத் தெரு வழியாகவே போய், வடக்குத் தெரு வழியாகவே அரிசியோடு திரும்பி வந்திருக்கிறது. இதைச் சொல்ல அதுவே போன் பண்ணியது. சின்னப் பிள்ளை மாதிரிப் பேசியது.

"ரெண்டு பக்கமும் வேப்பமரமா நிக்குதுத்தா. எம்புட்டு நெழலு தெரியுமா? சொமையோட வந்தும் வேர்க்கல. கரையில ஒரு கருவ மரம்கூட இல்ல, இங்க என்னடான்னா பந்தல் போட்ட மாதிரி இருக்கு."

அறுபது வருஷம் அந்தத் தெருவின் முனையில் வாழ்ந்த மனுஷி. உள்ளே இவ்வளவு நிழல் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

யாரும் எதுவும் சொன்னார்களா என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லல. நல்லகாமன் அய்யா வாசல்ல நின்னாரு. 'என்ன மலையம்மா, எதுக்கு இம்புட்டு செரமம், சொல்லிவிட்டிருந்தா அரிசிய நானே வண்டியில கொண்டாந்து போட்டிருப்பேன்ல'ன்னாரு. நல்ல மனுசன்."

நல்லகாமனின் தென்னந்தோப்பில்தான் அம்மா வேலை பார்க்கிறது. காலனிப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான். அவர் சொன்னது, இனி இந்தப் பக்கம் வராதே என்றுதான் எனக்குக் கேட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. அது சந்தோஷமாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

21 ஜூலை

தோப்புக்கு ஆள் வேண்டாமாம். அம்மாவுக்கு மட்டும் இல்லை, காலனியிலிருந்து யாரும் வேண்டாமாம். வேறு ஊரிலிருந்து வேனில் ஆள் வருகிறது.

26 ஜூலை, சனி

அண்ணனின் பைக் கம்மாய்க்குள் கிடந்திருக்கிறது. காலையில் ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

புகார் கொடு என்றேன். "யாரு மேல பாப்பா? யாரு என்ன சொன்னான்னு எழுதுறது? அரிசிய வண்டியில கொண்டாந்து தாரேன்னு சொன்னாருன்னு எழுதவா?"

திட்டியிருந்தால் சட்டம் இருக்கிறது. அடித்திருந்தால் சட்டம் இருக்கிறது. வேலைக்குக் கூப்பிடாததைத் தண்டனை என்று எதை வைத்து நிரூபிப்பது?

பின்னால் தங்கப்பொண்ணு சித்தியின் குரல் கேட்டது. நான் போனில் இருப்பது தெரிந்தே சொன்னார்: "ஓம் மக படிச்ச படிப்புக்கு நாங்க எதுக்கு மலையம்மா பட்டினி கெடக்கணும்?"



27 ஜூலை

சித்தி கேட்டதில் என்ன தப்பு?

19 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். ஊர் சார்பில் சிலர், காலனி சார்பில் சிலர், கணக்குப் போட்ட எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி காகிதக் கப்பில் டீ.

நல்லகாமனை வெகு காலத்துக்குப் பிறகு பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மெலிந்த உடம்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். "நம்ம மலையம்மா பொண்ணு. காலேஜ்ல வாத்தியாரு. நம்ம ஊருக்கே பெருமை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் எதுவோ பதிலுக்குச் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்.

பேச்சு வந்தபோது அவர்தான் முதலில் சொன்னார். "தெருவுல வராதன்னு நாங்க யாரச் சொன்னோம்? தெரு பொது. கேளுங்க, யாராச்சும் சொல்லியிருந்தா சொல்லச் சொல்லுங்க." எங்கள் ஆட்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் அப்படிச் சொன்னதில்லைதான்.

பிறகு யாரோ ஒருவர், வயசானவர்கள் கஷ்டப்படுகிறார்கள், காலனிக்கு உள்ளேயே சமுதாயக் கூடத்தில் தனியாக ஒரு கடை வைத்துவிட்டால் என்ன என்றார். அத்தனை தலையும் நிமிர்ந்தது. ஊர்க்காரர்கள் சரி என்றார்கள். எங்கள் ஆட்களும் சரி என்றார்கள், இன்னும் சத்தமாக. அண்ணனும் சரி என்றான். தோப்பு வேலை மறுநாளே ஆரம்பிக்கும் என்று நல்லகாமன் அங்கேயே சொன்னார்.

கலைந்த பிறகு அதிகாரியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஒரே ஊரில் இரண்டாவது கடை கேட்டால் விதியில் இடம் வேண்டும். ஆகத் தூர வீட்டின் நடை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் தர முடியும். உங்கள் அறிக்கையில் தாண்டவில்லையே என்றார். "ரிவைஸ் பண்ணிக் குடுங்க மேடம். கணக்குலயே வந்துருச்சுன்னா மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

கணக்கில் எப்போது வரம்பு தாண்டும்? வடக்குத் தெரு இல்லை என்றால் தாண்டும்.

20 ஆகஸ்ட்

காலேஜில் சாரிடம் சொன்னேன். மாட்டேன், செய்ய மாட்டேன், அந்தத் தெருவை நான் மூட மாட்டேன், அதற்கு நானா கிடைத்தேன் என்று கத்தினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அன்னைக்கு நான் தெரிஞ்சுதான் கேட்டேன் மேடம்" என்றார். "எங்க ஊர்லயும் அப்படி ஒரு தெரு இருக்கு. எங்க வீடே அந்தத் தெருவுலதான் இருக்கு."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் சார் சும்மா இருந்தீங்க?"

"நீங்க உண்டுன்னு சொன்னீங்க. நான் எந்த வாயால இல்லைங்கிறது?"

மேஜை நடுவில் தட்டில் வைத்த வடை அப்படியே இருந்தது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மா போன். கோபமாக இருக்கும் என்று பயந்தேன். கெஞ்சியது. அது இன்னும் மோசம்.

"பக்கத்துலயே கடை வந்தா நல்லதுதானத்தா. எனக்கும் முட்டி வலி. ஒரு கையெழுத்துத்தான்னு சிவபாண்டி சொல்றான். போட்டுக் குடுத்துரு."

"அந்தத் தெருவ என்னம்மா பண்றது?"

"தெருவத் திங்கவா முடியும்?"

வைத்துவிட்டது. இல்லை, நான்தான் வைத்தேன்.

1 செப்டம்பர், திங்கள்

செய்துவிட்டேன்.

வகுப்பில் வருஷா வருஷம் இதைச் சொல்லித்தருகிறேன். ஒரு வழியைக் கணினி தொடவே கூடாது என்றால் அந்த வழியை அழிக்க வேண்டாம். அதன் நீளத்துக்குப் பதிலாக ஒரு மாபெரும் எண்ணைப் போட்டுவிடுங்கள், அதுவே பயந்து விலகிப் போய்விடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்றைக்குக் காலனி வீடுகளுக்கு மட்டும் வடக்குத் தெருவின் நீளத்தில் அந்த எண்ணைப் போட்டேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து மந்தைக்கு அந்த வழியாகப் போவதை விட, நடந்தே காசிக்குப் போய்த் திரும்புவது இப்போது பக்கம்.

ஓட்டினேன். உடனே விடை. ஊருக்கு மந்தையில் ஒன்று, காலனிக்குச் சமுதாயக் கூடத்தில் ஒன்று. ஆகத் தூரத்தில் இருக்கும் வீட்டின் நடை முன்னைவிடக் குறைவு. எது நியாயம் என்று பிப்ரவரியில் தொண்டை கிழியக் கத்தினேனோ அந்த அளவுகோலின்படியே இதுதான் அதிக நியாயம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன், பிழை இருக்காதா என்று.

கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே சார் போட்டார்.

13 அக்டோபர்

சமுதாயக் கூடத்தில் கடை திறந்தாயிற்று. அம்மா கையில் பையோடு முதல் ஆளாக நிற்கும் படத்தை அண்ணன் அனுப்பினான். சிரிக்கிறது. நிஜமாகவே சிரிக்கிறது. எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று விளக்கத் தெரியவில்லை.

தோப்பில் வேலை நடக்கிறது. தங்கப்பொண்ணு சித்தி என்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாராம்.

18 டிசம்பர், வியாழன்

அழகுபாண்டி சார் சுற்றி வளைத்து ஆரம்பித்தார். அந்தப் பக்கத்துக்கு மினி பஸ் விடப்போகிறார்களாம். வழித்தடம் போடுகிறவர்கள், ஏற்கெனவே இருக்கிறதே என்று எங்கள் பாதை வரைபடத்தை வாங்கியிருக்கிறார்கள். பஸ் மந்தைக்குப் போய்விட்டு மறுபடி மெயின் ரோட்டுக்கு வந்து, கம்மாக்கரை முனையில் காலனிக்கென்று தனியாக ஒரு தடவை நிற்கும். கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் காலனி.

"அவுங்க மேல தப்பில்ல மேடம். நம்ம மேப்புல காலனிக்கு அந்த லைன் மூடித்தான் இருக்கு. தெறந்து அனுப்பட்டுமா?"

நாளைக்குப் பார்ப்போம் சார் என்றேன்.

இதுவரை அந்த வழக்கம் யார் வாயிலும் இல்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. இப்போது இருக்கிறது. இனி ஆஸ்பத்திரி வேன் வந்தாலும் தண்ணி லாரி வந்தாலும் அதைப் பார்த்துத்தான் வரும். எழுதிக் கொடுத்தது சரண்யாதேவி, உதவிப் பேராசிரியர்.

19 டிசம்பர்

பார்க்கவில்லை. சாரும் மறுபடி கேட்கவில்லை.

29 மார்ச் 2026, ஞாயிறு

அம்மாவுக்கு முட்டி வலி மருந்து வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். வாடிப்பட்டியிலிருந்து புது மினி பஸ்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று முன்னாடியே போனில் சொல்லியிருந்தேன்.

மந்தையில் பஸ் நின்றது. ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். ஜன்னல் வழியாக வடக்குத் தெரு முழுசாகத் தெரிந்தது. அம்மா சொன்னது சரிதான், வேப்பமரங்கள், தெரு முழுக்க நிழல். நான் ஒருநாளும் அதில் நடந்ததில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் காலனிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.

கரை முனையில் இறங்கி எல்லாரோடும் நடந்தேன். வீட்டில் கதவு சாத்தியிருந்தது. அம்மாவைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து எதிர்த் திசையிலிருந்து வந்தது. வடக்குத் தெரு முடிகிற இடத்திலிருந்து.

"எங்கம்மா போன, இந்த வெயில்ல?"

சாவியை எடுத்துக் கதவைத் திறந்தது. சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னது.

"நீயாச்சும் அந்தத் தெரு வழியா வருவேன்னு, முனையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."